மைசூர் நம்பர் வண்டி

சேசு மரி சூசை

நெய்வேலி,
19-8-1964

அன்பு மகள் மேரிசெல்விக்கு அம்மா ஆரோக்கியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கப்பா, உன் தம்பி பவுல்ராஜ் மூன்று பேரும் மாதாவின் தயவில் சுகமாக இருக்கிறோம், அங்கே கோலார் தங்கவயலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் என் டியூட்டி முடிந்து வருகிற வழியிலேயே தபால்காரர் சைக்கிளை நிறுத்திக் கையில் கொடுத்துவிட்டார். பிரிக்காமலே தெரிந்துபோயிற்று எனக்கு, உள்ளே அழுகைதான் இருக்கிறது என்று. சந்தோஷமாக இருந்தால் விலாசத்தைக் கவர் கொள்ளாமல் எழுதுவாய், பயந்துபோயிருந்தால் எறும்பு ஊர்ந்தது மாதிரி ஒரு மூலையில் எழுதுவாய், சின்ன வயசிலிருந்தே உன் பழக்கம் அது. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் நான் நினைத்தபடியே இருந்தது.

முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து இதைப் படி. அப்பாவுக்கு நல்லது செய்கிறேன் என்று வம்பை வாங்கிக் கொடுத்துவிட்டேனே என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறாய். நீ செய்தது இங்கே ஒரு கார் விலைக்கு இருக்கிறது என்று தகவல் சொன்னது, அவ்வளவுதான். வந்து பார்த்தது உங்கப்பா, பேசி முடித்தது உங்கப்பா, பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி இத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு வந்தது உங்கப்பா, வந்து நின்ற வண்டிக்குச் சிலுவை அடையாளம் போட்டு சாமந்தி மாலை போட்டது நான். இதில் உன் தப்பு எங்கே இருக்கிறது, தேடிப் பார்த்தும் எனக்குக் கிடைக்கவில்லை. உன் சங்கிலியை விற்று அனுப்புகிறேன் என்கிற பேச்சையும் இத்தோடு விட்டுவிடு, இன்னொரு தடவை எழுதினாயானால் நான் பதில் போடமாட்டேன். காரியம் கோணிப்போயிருக்கிறது, உண்மைதான். தையல் கோணிப்போனால் துணியையா தூக்கி எறிகிறோம், நூலைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிறோம், அப்படித்தான் இதுவும். எப்படிப் பிரிக்கப் போகிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்குமுன் வீட்டுச் சமாச்சாரம் கொஞ்சம். பவுல்ராஜுக்கு இந்த வாரம் செகண்ட் ஷிப்ட். பவர் ஹவுசில் அப்ரண்டிஸ் என்று பேர், வீட்டுக்குள் வந்தால் பெரிய இன்ஜினியர் நடை. மீசை விட்டிருக்கிறான், அது வருவேனா மாட்டேனா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. என் வார்டில் புது சிஸ்டர் வந்திருக்கிறார்கள், கேரளத்துக்காரர், சுத்தம் சுத்தம் என்று தரையில் முகம் பார்க்கிற அளவுக்கு எங்களை விரட்டுகிறார், நல்லவர்தான். பக்கத்து குவார்ட்டர்ஸ் திருநெல்வேலிக்காரப் பேச்சியம்மாள் உன்னை ரொம்ப விசாரித்தாள். நான் காலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறதைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்கவில்லை, காரை வாசலில் வச்சிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கியளே என்று தினமும் ஒரு கேள்வி. எனக்கு நடந்தால்தான் உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எந்த டாக்டர் என்று இன்னும் அவள் கேட்கவில்லை. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நம் காரிலேயே போகலாம் என்று உங்கப்பா சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது அதுவும் பஸ்ஸில்தான்.

சரி, காருக்கு வருகிறேன். நீ அங்கேயிருந்து பார்த்தது பாதி, இங்கே நடந்தது பாதி, இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உனக்கு முழுசாக விளங்கும். உங்கப்பா லாரி ஓட்டின காண்ட்ராக்டர் இங்கே வேலை முடிந்தது என்று லாரிகளை எல்லாம் வேறு ஜில்லாவுக்குக் கொண்டுபோய்விட்டார். மண் வெட்டியதிலிருந்து லாரி ஓட்டியது வரைக்கும் இந்த ஊர் மைன்ஸுக்காகவே உழைத்த மனுஷர், பர்மனென்ட் மட்டும் ஆகவில்லை. வார்டு ஆயா வேலையில் நான் பர்மனென்ட், குவார்ட்டர்ஸ் என் பேரில். இதை வைத்து நான் முன்பெல்லாம் கேலி பண்ணுவேன், வாடகை ஒழுங்காகக் கொடுக்கிறீரா என்று கேட்பேன், அவரும் சிரிப்பார். வேலை போன பிறகு சிரிக்கவில்லை. பொண்டாட்டி குவார்ட்டர்ஸ்ல உக்காந்துக்கினு சோறு துன்றான்னு நாலு பேரு சொல்லுவான் ஆரோக்கியம் என்று ஒருநாள் சொன்னார், அன்றையிலிருந்து நானும் அந்தக் கேலியை நிறுத்திவிட்டேன். டவுன்ஷிப்பிலிருந்து வடலூர், கடலூர் என்று நாலு சவாரி கிடைத்தால் போதும், சொந்தமாக டாக்சி ஓட்டிப் பிழைத்துக்கொள்வேன் என்று அவர் மனசில் அப்போது விழுந்ததுதான் இந்தக் கார் ஆசை. அந்தச் சமயத்தில்தான் உன் கடிதம் வந்தது, நீ நர்சாக வார்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட போர்மேன் பன்னீர்செல்வம் இறந்துவிட்டார், கம்பெனி பங்களாவைக் காலி பண்ணுகிறார்கள், அவருடைய லேண்ட்மாஸ்டர் காரை அவர் மச்சான் துரைராஜ் விற்கிறார் என்று.

கம்பெனி வேலைக்காரன் செத்தால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும், இது அங்கேயும் சட்டம், இங்கேயும் சட்டம், அதனால் எங்களுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. போர்மேன் சம்சாரம் ஜானகியம்மாள் துக்கத்தில் திருச்சியில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், அக்காதான் விற்கச் சொன்னார் என்று துரைராஜ் சொன்னதை உங்கப்பா அப்படியே நம்பினார். விற்கிற பேப்பரில் துரைராஜ், ஜானகியம்மாள் பேரை எழுதி அதற்கு முன்னால் ஃபார் என்று போட்டுத் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வேறு யாராவது வாங்கியிருந்தால் அங்கேயே நின்றிருப்பார்கள். உங்கப்பா நிற்கவில்லை, ஏன் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரிய வேண்டும், அவரை மட்டமாக நினைக்கக் கூடாது. காண்ட்ராக்ட் வேலையில் மஸ்டர் ரோல் என்று கூலிப் பட்டியல் வரும். நம் ஜனங்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கையெழுத்து வராது. மேஸ்திரி வரிசையாக ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஃபார் போட்டுத் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே போவார், சாயங்காலம் கூலி கைக்கு வந்துவிடும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் ஒரு ஃபார் போட்டுவிட்டால் சர்க்கார் காரியமே செல்லும் என்று அத்தனை வருஷமும் கண்ணால் பார்த்து வந்தவர் அவர். நான் படித்தேனே அந்தப் பேப்பரை, எனக்கும் அது பழகிப்போன கையெழுத்தாகத்தான் தெரிந்தது.

வண்டி வந்தது. கறுப்பு லேண்ட்மாஸ்டர், மைசூர் ஸ்டேட் நம்பர். டவுன்ஷிப்பில் அந்த நம்பரைப் படிக்காதவர்கள் பாக்கியில்லை. மைசூர்ல என்னா மஹாராஜா வித்துட்டாரா என்று கேட்டவர்கள்கூட உண்டு. உங்கப்பா ஒரு வாரம் சவாரி போனார், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு ஒரு ஆபீசரைக் கொண்டுபோய் விட்டார், சேத்தியாத்தோப்புக்கு ஒரு கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனார், முகத்தில் பழைய களை வந்துவிட்டது. அப்புறம் ஒருநாள் வடலூர் சந்திப்பில் ஒரு கான்ஸ்டபிள் கை காட்டி நிறுத்தியிருக்கிறார். அவரும் அதட்டவில்லை, நல்லபடியாகத்தான் சொல்லியிருக்கிறார். வெளி ஸ்டேட் வண்டிய வச்சிக்கினு இங்க சவாரி ஓட்டறியே பெரியவரே, பேரு மாத்தணும், நம்பர் மாத்தணும், டாக்சிக்குப் பர்மிட் வேற எடுக்கணும், கடலூருக்குப் போயி மொதல்ல வழியப் பாரு என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அந்தக் கான்ஸ்டபிள் பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம். அவர் நிறுத்தாமல் இருந்திருந்தால் நாங்கள் இன்னும் ஓட்டிக்கொண்டே இருந்திருப்போம்.

நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன், தனியாக அனுப்பினால் பாதியைக் கேட்டுவிட்டுப் பாதியை விட்டுவிடுவார். கடலூர் ஆபீசில் வயசான ஒரு கிளார்க், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினார். இதுல பன்னீர்செல்வம்னு இருக்குதே, அவரு எங்க என்றார். இறந்துபோனார்ங்க என்று உங்கப்பா சொன்னார். எப்ப வித்தாரு என்றார். அவர் இறந்த பிறகு மச்சான் வித்தாருங்க என்று இவர் கள்ளமில்லாமல் சொன்னார். கிளார்க் கண்ணாடியை இறக்கிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். செத்துப்போனவரு விக்க முடியாதுங்க, மச்சானுக்கு அந்த வண்டி சொந்தமில்லிங்க, அப்போ ஒங்களுக்கு வித்தது யாருங்க என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன், அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

பிறகு அவரே பொறுமையாக எடுத்துச் சொன்னார். வண்டி எந்த ஸ்டேட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஆபீசில்தான் முதல் வேலை. இறந்தவர் பேரிலிருந்து வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும், அது கோலாரில். அதற்கு இறப்பு சர்ட்டிபிகேட், வாரிசு யார் யார் என்று தாசில்தார் கொடுக்கிற பேப்பர், மற்ற வாரிசுகளின் சம்மதம். அப்புறம் வாரிசு தன் கையால் கையெழுத்துப் போட்டு எங்களுக்கு விற்க வேண்டும். வண்டியை வேறு ஸ்டேட்டுக்குக் கொண்டுபோக ஆட்சேபணை இல்லை என்றும் வரி பாக்கி இல்லை என்றும் கோலார் ஆபீஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். அதெல்லாம் கொண்டுவந்தால் இங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து நம் மெட்ராஸ் நம்பர் கொடுப்பார், டாக்சிப் பர்மிட் அதற்கும் பிறகுதான். அதுவரைக்கும் சவாரி ஏத்தாதீங்க, ஏதாவது ஒண்ணு ஆயிட்டா வண்டி யாருதுன்னு கேட்டா சொல்றதுக்கு ஒங்ககிட்ட ஆளு இல்ல என்றார். பிரேக் இன்ஸ்பெக்டரும் வெளியே வந்து பார்த்தார். பானெட்டைத் திறந்து, நம்பர் அடித்திருக்கிற இடத்தில் பேப்பரை வைத்துப் பென்சிலைத் தேய்த்து நம்பரை எடுத்துப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர் இரண்டும் சரியாக இருந்தன. புத்தகத்தில் எந்தக் கம்பெனிக்கும் அடமானக் குறிப்பும் இல்லை. வண்டியில் ஒரு குற்றமும் இல்லை, விற்ற கையில்தான் குற்றம்.

வெளியே வந்தால் டீக்கடை பெஞ்சில் ஒரு புரோக்கர். நாங்கள் உள்ளே பேசினது அத்தனையும் அவனுக்கு எப்படித் தெரியுமோ. இதுக்கா இப்படி மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு போறீங்க, செத்தவரையே உசுரோட கொண்டாந்து ஆபீசர் முன்னால நிறுத்திடறேன், நீங்க வூட்டுக்குப் போயி நிம்மதியா தூங்குங்க என்றான். செத்தவரை எழுப்புகிறது ஆண்டவர் செய்கிற காரியம், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற உனக்கு எதுக்குப்பா அந்த வேலை என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே உங்கப்பாவைத் தனியாக அழைத்துப்போய், பன்னீர்செல்வம் உயிரோடு இருக்கும்போதே விற்ற மாதிரி அவர் கையெழுத்தைத் தானே போட்டுக் கொடுத்துவிடுவதாகப் பேசினான். திரும்பி வருகிறபோது குறிஞ்சிப்பாடி தாண்டினதும் உங்கப்பா பேச்சை எடுத்தார். ஒரு கையெழுத்துதானே ஆரோக்கியம், இத்தினி வருஷமா எங்கையெழுத்த நானா போட்டேன், மேஸ்திரி போட்டாரு, கூலி வரலியா, அந்தம்மாவும் தம்பி சொன்னா சரின்னுதான் சொல்லப்போவுது என்று. மேஸ்திரி உமக்காகக் கையெழுத்துப் போட்டபோது நீர் எதிரே நின்றுகொண்டிருந்தீர், உமக்குத் தெரிந்து போட்டார், அந்த அம்மாள் எதிரே நின்றார்களா என்று கேட்டேன்.  அப்படியும் புரோக்கரை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேச்சு தடித்து இரண்டு பேரும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை, சாப்பாட்டை பவுல்ராஜ்தான் எடுத்து வைத்தான்.

அந்த நிலையில்தான் உன் கடிதம் வந்தது. சண்டையாக இருந்தாலும் உன் கடிதத்தை நான்தானே அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஜானகியம்மாள் திருச்சியிலிருந்து திரும்பி ராபர்ட்சன்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறார், மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னைப் பார்த்தார் என்று படித்தேன். கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்ததாக அந்த அம்மாள் உன்னிடம் சொன்னதைப் படித்தேன், எங்க வூட்டுக்காரரு காரு ஒர்க்ஷாப்புல நிக்குதும்மா, தம்பி கொண்டாந்து விடறேன் விடறேன்னு சொல்லிக்கினே இருக்கான், வந்ததும் ஒரு ஞாயித்துக்கெழம ஒன்ன ஒங்க மாதா கோயிலுக்கு அதுலயே அனுப்பி வைக்கிறேன் என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்த இடம். அதை இன்னொரு வாட்டி படி என்றார். படித்தேன். துரைராஜ் உன்னை வந்து பார்த்து வாயைத் திறக்காதே, முன்னே மாதிரி நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னதையும், நம்பர் மாறுகிறவரைக்கும் சும்மா இருக்கட்டுமா அம்மா என்று நீ கேட்டதையும் படித்தேன். அவர் அதையெல்லாம் கேட்டாரோ இல்லையோ தெரியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனார். லாரியில் போட்டிருந்த பழைய தார்ப்பாயை எடுத்து வந்து வண்டியை நாலு பக்கமும் மூடிக் கட்டினார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்தம்மா காத்துக்கினு இருக்குது ஆரோக்கியம், அந்த வண்டியில ஆளு ஏத்திக்கினு நானு எப்படி ஓட்டறது என்றார். மறுநாள் காலையில் அவரே பஸ் ஏறிக் கடலூருக்குப் போய்ப் புரோக்கரிடம் உன் வேலை வேண்டாம்பா என்று சொல்லிவிட்டு வந்தார். நான் சொல்லிச் செய்யவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது மேரி, சமையல்கட்டில் போய் நின்று அழுதேன். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியதற்கு ஆண்டவருக்குத் தோத்திரம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆகையால் நீ கேட்டதற்குப் பதில் இதுதான், சும்மா இருக்கக் கூடாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜானகியம்மாள் வீட்டுக்குப் போ. தனியாகப் போகாதே, உன்னோடு ஹாஸ்டலில் இருக்கிற ஒரு நர்சை அழைத்துக்கொண்டு போ. துக்கம் நடந்த வீடு, வெறுங்கையோடு போகாமல் கொஞ்சம் பழம் வாங்கிக்கொள். துரைராஜ் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போகாதே, அந்த அம்மாளிடம்தான் பேச வேண்டும். சுற்றி வளைக்காதே. உட்கார்ந்ததும் சொல்லிவிடு, அம்மா உங்கள் கார் ஒர்க்ஷாப்பில் இல்லை, நெய்வேலியில் எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது, உங்கள் தம்பி விற்றார், உங்களுக்குத் தெரிந்துதான் விற்கிறார் என்று நினைத்து எங்கள் அப்பா வாங்கினார் என்று. அப்புறம் அவர் சொல்கிறவரைக்கும் பேசாமல் இரு. அழுதால் அழட்டும், திட்டினால் திட்டட்டும், நீ வார்டில் எத்தனை பேரைப் பார்க்கிறாய்.

ஒன்றை மட்டும் நன்றாக மனசில் வைத்துக்கொள். நம் கஷ்டத்தை முதலில் சொல்லாதே. அப்பாவுக்கு வேலை இல்லை, டாக்சியை நம்பித்தான் இருக்கிறோம் என்று நீ கண்ணைக் கசக்கினால், கோயிலுக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன மனசு அது, பாவம் என்று அந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். அப்படி வாங்கினால் துரைராஜ் செய்ததற்கும் நாம் செய்ததற்கும் என்ன வித்தியாசம். அவர் புருஷன் வண்டி, அவர் மனசு என்ன சொல்கிறதோ அதுதான் நமக்கு. விற்கிறேன் என்றால் சந்தோஷம். அப்போது கடலூர் கிளார்க் சொன்ன பேப்பர்களை எல்லாம் அந்த அம்மாளோடு கூட இருந்து வரிசையாக வாங்கு, திருச்சி மகளின் சம்மதத்தையும் சேர்த்து. கோலார் ஆபீசுக்கு நீயே துணைக்குப் போய் வா, லீவு கேள், கொடுப்பார்கள். கையெழுத்து ஜானகியம்மாள் தன் கையால் உன் எதிரே போட வேண்டும், இந்தத் தடவை எந்த ஃபாரும் வேண்டாம். ஒத்துப் பார்க்க வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று உங்கப்பாவும் அதே மாதிரி நம்பர்களைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பேப்பரை இதோடு வைத்திருக்கிறேன், மடிப்பில் அழிந்துபோகாமல் எடு.

விற்க மாட்டேன், வண்டி வேண்டும் என்று சொன்னாரானால் சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு வா. நம் பணத்தை வாங்கினவர் துரைராஜ், அதைத் திரும்ப வாங்குவது எனக்கும் அவருக்கும் உள்ள பேச்சு, நான் பேசிக்கொள்கிறேன். தங்கவயலுக்கு நான் நேரில் வந்து கேட்டால் அவர் கொடுக்கிறாரா இல்லையா என்று பார்க்கலாம். இங்கே கேரளத்து சிஸ்டரையே சமாளிக்கிறேன், அவரைச் சமாளிக்க மாட்டேனா. அவர் உன்னை ஆஸ்பத்திரிக்கு வந்து மிரட்டினால் உடனே மேட்ரனிடம் சொல்லிவிடு, உன் பெயர் கெடும் என்று பயப்படாதே, நியாயம் பேசுகிறவளுக்குப் பெயர் எங்கேயும் போகாது. உன் சிநேகிதிகள் யாராவது வெளி ஸ்டேட் வண்டி வாங்குகிறேன் என்று வந்தால் அவர்களுக்கும் சொல், வண்டி மினுமினுப்பைப் பார்க்கிறதற்கு முன்னால் புத்தகத்தில் பேர் இருக்கிற ஆளை நேரில் பார்க்கச் சொல், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் கேட்கச் சொல். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

அப்பா என்ன பண்ணுவார் என்று நீ நினைக்காதே. புதுசாக ஒரு காண்ட்ராக்டர் மைன்ஸில் லாரி ஓட்ட ஆள் கேட்கிறாராம், போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். கார் நமக்கு ஆனால் டாக்சி, ஆகாவிட்டால் லாரி, இரண்டில் எதுவானாலும் இந்த வீட்டில் உலை கொதிக்கும். நேற்று பங்க்குக்குப் போய் டாங்கி நிறைய பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் தார்ப்பாயை மூடிக் கட்டிவிட்டார். சவாரிதான் இல்லையே, எதற்கு இத்தனை பெட்ரோல் என்று கேட்டேன். கையெழுத்து வந்தா கடலூருக்கு, வரலன்னா கோலாருக்கு, எங்க போனாலும் வண்டி பாதி வழியில நிக்கக் கூடாதில்ல என்றார். அந்த அம்மாள் வேண்டும் என்றால் திருவண்ணாமலை, வேலூர் வழியாகத் தானே ஓட்டிக்கொண்டு வந்து அவர் வாசலில் நிறுத்திவிட்டு, பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவாராம். உன்னையும் பார்த்த மாதிரி ஆயிற்று என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். நைட் டியூட்டி முடிந்து வந்ததும் பட்டினியாகப் படுத்துவிடாதே. அங்கே குளிர் அதிகம் என்கிறாய், நான் பின்னின கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்துப் பூச்சிக்குக் கொடுத்துவிடாதே, போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று திங்கட்கிழமையே எழுதிப் போட மறக்காதே, நல்லதோ கெட்டதோ விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுது. ஆண்டவர் உன் வாயில் நல்ல வார்த்தையை வைப்பார், மாதா உன் கூடவே வந்து அந்த வாசற்படி ஏறுவாள். நீ தலை நிமிர்ந்து போய் வா.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
ஆரோக்கியம்மாள்

கடிதத்தை மடிக்கிறபோது உங்கப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தன் பேருக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: அந்தம்மாகிட்ட மறக்காம சொல்லு மேரி, பின்னாடி எடது பக்கத்துக் கதவு சரியா சாத்தாம தட்டிக்கினு இருந்திச்சி, அத நானு சரி பண்ணி வச்சிருக்கிறேன்னு.